ராஜினாமாக் கடிதத்தில் மறைக்கப்பட்ட பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போருக்கு உடன்பட மறுத்து ஓர் அதிகாரி பதவி விலகினார் என்ற செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், நம் நாளிதழ்கள் அதை இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. ஒன்று 'மனசாட்சி', மற்றது 'அந்நிய நிர்ப்பந்தம்'. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த நிர்ப்பந்தம் எந்தத் தேதியில், யார் வழியாக, எந்தக் கோப்புக்குள் நுழைந்தது என்பது மட்டும் வாசகருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அது தெரியாவிட்டால் விலகியவர் சொன்னதை யாராலும் எடைபோட முடியாது. பிடித்தவர்கள் தியாகி என்பார்கள், பிடிக்காதவர்கள் துரோகி என்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்த விஷயத்தில் முக்கியமான காகிதங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்ட நிகழ்வு ஒன்று உண்டு. இராக் போர் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 2003 மார்ச் 18 அன்று, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் எழுதிய விலகல் கடிதம்தான் அது. 1974 முதல் அந்த அலுவலகத்தில் இருந்தவர் அவர். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய பேச்சுவார்த்தைகளில் பிரிட்டன் தரப்பில் பங்கேற்றவர். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஆனால் அதைச் சரியாகப் படிக்க, அதற்கு முந்தைய நான்கு மாதத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சட்டம். ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலம் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கு இரண்டு: 51-வது பிரிவு தரும் தற்காப்பு உரிமை, ஏழாம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்பு கவுன்சில் தரும் அனுமதி. இராக் பிரிட்டனைத் தாக்கவில்லை. ஆட்சிமாற்றம் வேண்டும் என்ற விருப்பம் படையெடுப்புக்குச் சட்டக் காரணம் ஆகாது என்று பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் லார்ட் கோல்ட்ஸ்மித்தே 2002 ஜூலையில் பிரதமரிடம் சொல்லியிருந்தார். ஆகவே மிஞ்சிய ஒரே வழி கவுன்சிலின் அனுமதி.

அந்த அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பது அமெரிக்காவின் வாதம். 1990 நவம்பர் 29 அன்று நிறைவேறிய 678-வது தீர்மானம், குவைத்திலிருந்து இராக்கை வெளியேற்றப் படைபலம் பயன்படுத்த அனுமதித்தது. 1991 ஏப்ரல் 3 அன்று 687-வது தீர்மானம் போர்நிறுத்தத்தை உறுதிசெய்து, பேரழிவு ஆயுதங்களைக் களைய வேண்டும் என்று இராக்குக்கு நிபந்தனை விதித்தது. இராக் நிபந்தனையை மீறினால் 678 தந்த அனுமதி மீண்டும் உயிர்பெறும் என்றார்கள். நம் ஊர்ப் பவர் பத்திரத்தைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு வேலைக்காகக் கொடுத்த பவர், அந்த வேலை முடிந்ததும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அது மறுபடி செல்லும் என்று சொல்ல வேண்டியவர் பவர் கொடுத்தவரா, வாங்கியவரா? கொடுத்தவர், அதாவது கவுன்சில்தான் என்பது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகச் சட்ட ஆலோசகர்களின் நெடுநாள் நிலைப்பாடு. மீறல் நடந்ததா இல்லையா என்பதை ஒவ்வொரு உறுப்பு நாடும் தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு.

இந்த இரண்டுக்கும் நடுவே 2002 நவம்பர் 8 அன்று 1441-வது தீர்மானம் வந்தது. பதினைந்து உறுப்பினர்களும் ஆதரித்தார்கள், சிரியா உட்பட. அதன் 1-வது பத்தி, இராக் நிபந்தனைகளை மீறிய நிலையிலேயே இருக்கிறது என்றது. 2-வது பத்தி இறுதி வாய்ப்பு ஒன்று தந்தது. 4-வது பத்தி, பொய்த் தகவல் தருவதும் ஒத்துழைக்க மறுப்பதும் புதிய மீறலாகும், அது மதிப்பீட்டுக்காகக் கவுன்சிலிடம் தெரிவிக்கப்படும் என்றது. தெரிவிக்க வேண்டியவர்கள் ஆயுத ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸும் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேயும் என்பதை 11-வது பத்தி அவர்களின் பதவியைச் சொல்லிக் குறித்தது. அறிக்கை வந்ததும் கவுன்சில் உடனே கூடி நிலைமையைப் பரிசீலிக்கும் என்றது 12-வது பத்தி.

சண்டை முழுவதும் இந்த 12-வது பத்தியின் ஒரு வினைச்சொல்லில். 'கன்சிடர்' என்று போட்டிருந்தார்கள், 'டிசைட்' என்று போடவில்லை. பரிசீலித்தால் போதும், முடிவெடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தரப்பு வாசித்தது. வெறுமனே கூடிப் பேசிக் கலைவதற்காகவா 4, 11, 12 என்று மூன்று பத்திகளை எழுதினார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. வாக்கெடுப்பு நாளில் அமெரிக்கத் தூதர் ஜான் நெக்ரோபோன்டேவே, இந்தத் தீர்மானத்தில் மறைவான விசை ஏதும் இல்லை, போர் தானாகத் தொடங்கும் ஏற்பாடும் இல்லை என்று கவுன்சிலில் சொல்லியிருந்தார். பிரிட்டிஷ் தூதர் ஜெரமி கிரீன்ஸ்டாக்கும் அதையொட்டியே பேசினார்.

இங்கே நம் மொழியின் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 'ரெசல்யூஷன்' என்றாலும் தீர்மானம், 'டிசிஷன்' என்றாலும் தீர்மானம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். 1441-க்குப் பிறகு 'இரண்டாவது தீர்மானம் தேவையா' என்ற வாக்கியத்தைப் படிக்கும் வாசகருக்கு, கேட்பது காகிதத்தையா முடிவையா என்பது விளங்குவதே இல்லை. இந்த வழக்கின் உயிரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 'ரெசல்யூஷன்' தீர்மானம், 'டிசிஷன்' முடிவு, 'கன்சிடர்' பரிசீலனை என்று ஒரே சீராக எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி தேதிகள். 2003 ஜனவரி 14 அன்று கோல்ட்ஸ்மித் தன் வரைவு ஆலோசனையைப் பிரதமர் டோனி பிளேரிடம் கொடுத்தார். கவுன்சில் இன்னொரு முடிவு எடுத்தால் ஒழிய 1441 போருக்கு அனுமதி ஆகாது என்பது அதன் சாரம். ஜனவரி 24 அன்று வெளியுறவு அமைச்சகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் மைக்கேல் வுட், கவுன்சிலின் அனுமதி இல்லாமல் படைபலம் பயன்படுத்துவது ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகும் என்று அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவுக்கு எழுதினார். ஐந்து நாள் கழித்து ஸ்ட்ராவின் பதில் வந்தது: உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டேன், ஆனால் ஏற்கவில்லை. ஜனவரி 30 அன்று, பிளேர் வாஷிங்டனில் ஜார்ஜ் புஷ்ஷைச் சந்திக்கவிருந்ததற்கு முதல் நாள், கோல்ட்ஸ்மித் மீண்டும் ஒரு குறிப்பு அனுப்பினார். தன் கருத்து மாறவில்லை என்றார்.

அந்த ஜனவரி 30 குறிப்பின் பிரதி இன்று யாரும் பார்க்கக் கிடைக்கிறது. அதன் ஓரத்தில் பிளேரின் கையெழுத்தில் ஒரு வரி: 'இது எனக்குப் புரியவே இல்லை.' அவருடைய தனிச் செயலர் மேத்யூ ரைக்ராஃப்ட் எழுதிய இன்னொரு வரி: 'இந்த வாரம் மேற்கொண்டு ஆலோசனை வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தோம்.' கேட்கும் நேரத்தையே அரசியல் முடிவு செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. சட்ட ஆலோசனை என்பது முடிவுக்கு முன்னால் வர வேண்டிய காகிதம். 2002 ஜூலை 28 அன்றே புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பை பிளேர், 'என்ன ஆனாலும் நான் உங்களோடு இருப்பேன்' என்று தொடங்கியிருந்தார்.

பிப்ரவரி 10 அன்று கோல்ட்ஸ்மித் வாஷிங்டன் போனார். அங்கே அவர் சந்தித்தவர்கள் அமெரிக்க அரசின் மூத்த சட்ட அதிகாரிகள்: தேசியப் பாதுகாப்பு கவுன்சிலின் ஜான் பெல்லிங்கர், வெளியுறவுத் துறையின் வில்லியம் டாஃப்ட், பாதுகாப்புத் துறையின் வில்லியம் ஹேன்ஸ், வெள்ளை மாளிகையின் ஆல்பர்ட்டோ கன்சாலஸ். 1441 பற்றிய பேச்சுவார்த்தையில் தங்களுக்குத் தாண்டக் கூடாத ஒரு சிவப்புக் கோடு இருந்தது, கவுன்சிலின் இரண்டாவது முடிவைக் கட்டாயமாக்கும் எந்த வாசகத்துக்கும் தாங்கள் இணங்கவில்லை, எதிர்த்தரப்பில் இருந்த பிரான்ஸுக்கு அது தெரியும் என்று அவர்கள் விளக்கினார்கள். பிப்ரவரி 12 தேதியிட்ட வரைவில், இரண்டாவது முடிவு இல்லாமலும் 'நியாயமான வாதம்' ஒன்றை முன்வைக்கலாம் என்று கோல்ட்ஸ்மித் எழுதினார்.

ஜனவரி 30-க்கும் பிப்ரவரி 12-க்கும் இடையே பதின்மூன்று நாள். 1441-ல் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது, அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று சொன்ன சாட்சி.

வெளிநாட்டுச் செல்வாக்கு என்றதும் நாம் பணப்பெட்டியையும் மிரட்டல் தொலைபேசியையும் கற்பனை செய்கிறோம். இந்த வழக்கில் இரண்டும் இல்லை. தன்னை யாரும் நெருக்கவில்லை, முடிவு தன்னுடையதே என்று கோல்ட்ஸ்மித் 2010-ல், இராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணைக் குழுவிடம் சொன்னார். கிரீன்ஸ்டாக்கை ஜனவரி 23 அன்று சந்தித்ததும் தன்னை யோசிக்கவைத்தது என்றார். அதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. ஆனால் செல்வாக்கு நுழைய நெருக்கடி தேவையே இல்லை. ஒரு தீர்மானத்தின் பொருள் பற்றிய ஆதாரம் முழுவதும் போரை விரும்பும் தரப்பிடம் மட்டும் இருந்து, நம் ஆலோசகர் அவர்களிடம் மட்டும் கேட்டால் போதும். உடன்படிக்கைகளுக்குப் பொருள் கொள்ளும் முறையை வியன்னா உடன்படிக்கையின் 31, 32-வது பிரிவுகள் சொல்கின்றன. முதலில் வாசகம், அதன் சூழல், நோக்கம். பேச்சுவார்த்தையில் யார் என்ன சொன்னார் என்பது துணை ஆதாரம் மட்டுமே. கவுன்சில் தீர்மானங்களுக்கும் இந்த வரிசையையே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதிலும் ஒரு தரப்பு மட்டும் சொல்லும், மறுதரப்பு உறுதிசெய்யாத நினைவுக்கு எடை மிகக் குறைவு. பிரெஞ்சுக்காரர்களிடம் கோல்ட்ஸ்மித் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் தயக்கம் வெளியே தெரிந்து, சதாம் உசேனுக்கு அது சாதகமாகியிருக்கும் என்பது பின்னாளில் அவர் தந்த விளக்கம்.

இந்தப் பலவீனம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மார்ச் 7 அன்று அவர் கொடுத்த 13 பக்க முறையான ஆலோசனையில் அதை அவரே எழுதியிருக்கிறார். வாஷிங்டனில் கேட்ட கருத்துகளின் வலுவும் நேர்மையும் தன்னைக் கவர்ந்ததாகச் சொல்லிவிட்டு, பிரான்ஸும் மற்றவர்களும் வெறும் விவாதத்துக்குத்தான் வாக்களித்தார்கள் என்பதற்கு நாம் அமெரிக்கர்களின் வாய்ச்சொல்லையே சார்ந்திருக்கிறோம், இரண்டொரு தந்திகளைத் தவிர உறுதியான ஆதாரம் மிகக் குறைவு என்கிறார். மீறலை ஒவ்வொரு நாடும் தானே மதிப்பிடலாம் என்ற அமெரிக்கக் கருத்தை ஆதரிக்கும் வேறு எந்த நாட்டையும் தான் அறியவில்லை என்கிறார். இன்னொரு தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்கிறார். 'நியாயமான வாதம்' என்றால் நீதிமன்றம் அதை ஏற்கும் என்ற நம்பிக்கை தனக்கு உண்டு என்று பொருளல்ல என்றும் எழுதுகிறார். மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்ட ஆவணம் அது. அதன் கடைசி நிபந்தனையே முக்கியமானது: இரண்டாவது தீர்மானம் இல்லாமல் போவதானால், இராக் ஒத்துழைக்கவில்லை என்பதற்குத் திடமான ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

அதே மார்ச் 7 அன்று நியூயார்க்கில் பிளிக்ஸ், மிச்சமிருக்கும் ஆயுதக் களைவு வேலையை முடிக்க ஆண்டுகள் ஆகாது, வாரங்களும் போதாது, மாதங்கள் ஆகும் என்று கவுன்சிலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பத்தே நாளில் நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். முப்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் மைக்கேல் பாய்ஸுக்கு 'நியாயமான வாதம்' போதவில்லை. தன் வீரர்களை அனுப்புவதற்கு, சட்டப்படி சரி என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கேட்டார். அரசு ஊழியர்களுக்கும் அதுவே தேவைப்பட்டது. மார்ச் 13 அன்று கோல்ட்ஸ்மித், இரண்டாவது தீர்மானம் இல்லாமலே போர் சட்டப்படி செல்லும் என்பதே 'மேலான கருத்து' என்ற முடிவுக்கு வந்தார். மார்ச் 14 அன்று அவருடைய அலுவலகத்திலிருந்து டேவிட் பிரம்மெல், இராக் புதிதாக மீறியிருக்கிறது என்பது பிரதமரின் ஐயத்துக்கு இடமற்ற கருத்துதானா என்று கேட்டு எழுதினார். மார்ச் 15 அன்று ரைக்ராஃப்ட், ஆம், அதுவே பிரதமரின் கருத்து என்று பதில் அனுப்பினார். திடமான ஆதாரம் வேண்டும் என்ற மார்ச் 7-ன் நிபந்தனை, மார்ச் 15-ல் பிரதமர் நம்புகிறார் என்ற ஒற்றை உறுதிமொழியாகச் சுருங்கிவிட்டது. 4-வது, 11-வது, 12-வது பத்திகள் பிளிக்ஸிடமும் கவுன்சிலிடமும் கொடுத்திருந்த வேலையை, போருக்குப் போகவிருந்தவரே தனக்குத்தானே செய்துகொண்டார். அந்தக் கருத்துக்கு அவர் எதை ஆதாரமாகக் கொண்டார் என்பது தெளிவாக இல்லை என்று சில்காட் விசாரணை பின்னாளில் பதிவுசெய்தது.

மார்ச் 17 அன்று பிரபுக்கள் அவையில் எழுத்துப்பூர்வமான பதிலாக ஒரு சுருக்கம் வைக்கப்பட்டது. 337 சொல். 13 பக்கத்தில் இருந்த தயக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. அன்று அமைச்சரவைக்குக் கிடைத்ததும் அதே சுருக்கம்தான். சட்ட அதிகாரிகளின் ஆலோசனையைச் சுருக்கித் தந்தால் முழு வாசகத்தையும் இணைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சர்களின் நடத்தை விதியே சொல்கிறது. மறுநாள் மக்களவை 412-க்கு 149 என்ற கணக்கில் போருக்கு ஒப்புதல் தந்தது.

வில்ம்ஸ்ஹர்ஸ்ட் கடிதம் எழுதியது அதே மறுநாள். மேலதிகாரி வுட்டுக்கு எழுதினார். 678 தந்த அனுமதியை உயிர்ப்பிக்க இரண்டாவது தீர்மானம் இல்லாமல் இராக் மீது படைபலம் பயன்படுத்துவது சட்டப்படியானது என்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்பது முதல் வாக்கியம். காரணங்களை விவரிக்கத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும் என்பது அடுத்தது. இந்த அளவிலான சட்டவிரோதப் படைபலம் ஆக்கிரமிப்புக் குற்றமாகும் என்பதால், அலுவலகத்துக்குள்ளோ மக்களிடமோ நாடாளுமன்றத்திலோ இதற்கு மாறான ஆலோசனைக்கு மனசாட்சிப்படி உடன்பட இயலாது என்கிறார். பிறகு மிக நடைமுறையான ஒரு காரணம்: சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் ஆக்கிரமிப்புக் குற்றம் பற்றிய பேச்சுவார்த்தை அந்த ஆண்டு மறுபடி தொடங்கவிருந்தது. இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு அந்த மேசையில் பிரிட்டன் சார்பில் அவர் எப்படி உட்கார முடியும்? விருப்ப ஓய்வு கிடைக்குமா என்று பேசிவருவதாகவும், கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தையே ராஜினாமாவாகக் கொள்ளலாம் என்றும் எழுதி, மிகுந்த துயரத்தோடு விடைபெறுகிறேன் என்று முடிக்கிறார்.

வசை இல்லை, அடைமொழி இல்லை. அமெரிக்கா என்ற பெயரே இல்லை. ஆனால் அந்நியச் செல்வாக்கைக் காட்டும் வாக்கியம் அந்தக் கடிதத்தில் இருந்தது, அதைத்தான் மறைத்தார்கள்.

பிரிட்டனின் தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி மார்ச்சில் கடிதம் வெளியிடப்பட்டபோது ஒரு பத்தி நீக்கப்பட்டிருந்தது. சட்ட அதிகாரிகளின் ஆலோசனை ரகசியமானது என்பது சொல்லப்பட்ட காரணம். சில மணி நேரத்தில் சேனல் 4 செய்திப் பிரிவு அந்தப் பத்தியை வெளியிட்டுவிட்டது. தன் கருத்து, 1441 நிறைவேறுவதற்கு முன்னும் பின்னும் இந்த அலுவலகம் தொடர்ந்து கொடுத்துவந்த ஆலோசனையோடு ஒத்தது என்கிறார் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் அதில். மார்ச் 7 கடிதத்துக்கு முன்புவரை அட்டர்னி ஜெனரல் தன் கருத்து என்று எங்களுக்கு உணர்த்தியதோடும் அது ஒத்தது என்கிறார். அடைப்புக்குறிக்குள் இன்னொரு வரி: அந்த மார்ச் 7 கருத்தும் மறுபடி மாறித்தான் இப்போதைய அதிகாரபூர்வ நிலைப்பாடு ஆகியிருக்கிறது.

மீதிக் கடிதம் அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்கிறது. இந்தப் பத்தி மட்டுமே, நான் மாறவில்லை, அரசுதான் இரண்டு முறை மாறியது என்று தேதியோடு சொல்கிறது. மனசாட்சியை வெளியிடுவதில் அரசுக்குச் சங்கடமே இல்லை. தேதியை வெளியிடுவதில்தான் இருந்தது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டே பத்திரிகைகள் மேலே போயின. ஏப்ரல் இறுதியில், பொதுத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், மார்ச் 7 ஆலோசனையின் பகுதிகள் கசிந்து, மறுநாள் அரசே முழுவதையும் வெளியிட வேண்டியதாயிற்று. ஜனவரி வரைவுகள் வெளிவர 2010 ஆனது.

வுட்டும் இதே கருத்தைக் கொண்டிருந்தவர்தான், அவர் பணியில் தொடர்ந்தார். அதை வைத்து ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது சரியாகாது. பிரிட்டிஷ் மரபில் அட்டர்னி ஜெனரல் சொல்லிவிட்டால் அரசுக்குள் அதுவே இறுதி. அமைச்சகச் சட்ட ஆலோசகர் அதைச் செயல்படுத்த வேண்டும், இல்லையானால் வெளியேற வேண்டும். மேல்முறையீடு கிடையாது. 2010 ஜனவரி 26 அன்று இருவரும் சில்காட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். இந்த விஷயத்தைக் கையாண்ட வெளியுறவு அமைச்சகச் சட்ட ஆலோசகர்கள் அனைவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்றார் வில்ம்ஸ்ஹர்ஸ்ட். பின்பற்றிய நடைமுறை வருந்தத்தக்கது என்றார். ஸ்ட்ராவும் சட்டம் படித்தவர்தானே, அதனால் வேறுபாடு உண்டா என்று கேட்டபோது வந்த பதில்: 'அவர் சர்வதேசச் சட்ட வல்லுநர் அல்ல.'

2016 ஜூலை 6 அன்று வெளியான சில்காட் அறிக்கை 12 தொகுதி, சுமார் 26 லட்சம் சொல். போர் சட்டப்படியானதா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை, அதற்கு அதிகாரமும் இல்லை. சட்ட அடிப்படை இருக்கிறது என்று முடிவெடுத்த சூழ்நிலை திருப்திகரமானதாகவே இல்லை என்றது. நெதர்லாந்தில் டேவிட்ஸ் ஆணையம் 2010-லேயே, இந்தப் போருக்குச் சர்வதேசச் சட்டத்தில் போதிய அடிப்படை இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டது. இராக்கில் இறந்த பிரிட்டிஷ் படையினர் 179 பேர். இறந்த இராக்கியர்களின் எண்ணிக்கையைக் குறைவாக மதிப்பிடும் கணக்குகளே லட்சத்தைத் தாண்டுகின்றன.

ஒரே சட்டக் கருத்து இரண்டு நாடுகளுக்கு ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதையும் நம் செய்திகள் விட்டுவிடுகின்றன. 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுத்துவிட்டது. உள்நாட்டுச் சட்டத்துக்கு அது போதும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா உறுப்பினர் இல்லை. பிரிட்டன் 2001-லேயே சேர்ந்திருந்தது. தளபதி பாய்ஸின் கவலைக்கு வேர் அங்கேதான். ஆக்கிரமிப்பு அப்போது அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரவில்லை, 2018-ல்தான் வந்தது. ஆனால் மார்ச் 7 ஆலோசனையே, ஆக்கிரமிப்புக் குற்றத்துக்குப் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் வழக்குத் தொடர முயலக்கூடும் என்று எச்சரித்தது. அந்தக் கதவை, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் 2006-ல் மூடினார்கள். இந்த ஆபத்து எதுவும் இல்லாத நாட்டின் வழக்கறிஞர்கள் தந்த விளக்கத்தை, ஆபத்து உள்ள நாட்டின் வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டார்.

அந்த மார்ச்சில் விலகியவர்கள் இன்னும் உண்டு. ஆஸ்திரேலிய உளவு மதிப்பீட்டு அலுவலகத்தின் ஆண்ட்ரூ வில்கி மார்ச் 11 அன்று விலகினார். பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் மார்ச் 17 அன்று. அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் மூவர் பிப்ரவரி, மார்ச்சில் அடுத்தடுத்து. இவர்கள் பெரும்பாலும் கொள்கையையோ உளவுத் தகவலையோ மறுத்தார்கள். அதற்குப் பதில் வாதம் எப்போதும் உண்டு. வில்ம்ஸ்ஹர்ஸ்ட், தன் அலுவலகத்தின் ஆலோசனை எந்த நாள்வரை என்னவாக இருந்தது என்பதைப் பதிவு செய்தார். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

ஆகவே இத்தகைய செய்தி வரும்போது தங்கள் செய்திப் பிரிவு சிலவற்றைத் தேடித் தர வேண்டுகிறேன். விலகியவரின் கடிதத்தில் கருத்து மட்டும் இருக்கிறதா, தேதியும் இருக்கிறதா? அரசின் சட்ட அல்லது உளவு மதிப்பீடு எத்தனை வரைவுகள் கண்டது, எந்த இரண்டு வரைவுகளுக்கு நடுவே மாறியது? அந்த இடைவெளியில் யார் எந்த நாட்டுக்குப் போனார்கள், யார் வந்தார்கள்? மாறியதற்குச் சொல்லப்படும் ஆதாரம் நம் அரசின் சொந்தப் பதிவா, அல்லது போரை விரும்பும் நட்பு நாடு சொன்னதா? மறுதரப்பிடம் கேட்டார்களா? முழு ஆலோசனை அமைச்சரவைக்குப் போனதா, சுருக்கமா? இவற்றுக்கு விடை வந்தால், வெளிநாட்டுச் செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு நிற்குமா விழுமா என்பது தானாகத் தெரிந்துவிடும். விடை எதிர்மாறாகவும் இருக்கலாம். தேதிகள் ஒத்துவராமல் விலகியவரின் குற்றச்சாட்டே விழுந்தால் அதையும் அதே பக்கத்தில் போட வேண்டும்.

இது நமக்கு எட்டாத பேச்சும் அல்ல. 2003 ஏப்ரலில் நம் மக்களவை இராக் போர் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில் இந்தி வாசகம் 'நிந்தா' என்றது, ஆங்கில வாசகம் அதைவிட மென்மையான 'டிப்ளோர்' என்ற சொல்லைப் போட்டது. ஒரே தீர்மானம், ஒரு மொழியில் கண்டனம், மற்றொன்றில் வருத்தம். சில மாதத்தில் அமெரிக்கா இந்தியப் படையை இராக்குக்கு அனுப்பக் கேட்டது. ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் வெளிப்படையான அனுமதி இருந்தால் பரிசீலிக்கலாம் என்று சொல்லி மறுத்தது. லண்டனில் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் கேட்டதும் கவுன்சில் தரும் அனுமதியைத்தான். அன்று டெல்லியில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இனி ஓர் அதிகாரியின் விலகல் கடிதம் வெளியானால் அதன் முழு வாசகத்தையும் தமிழில் தாருங்கள், அரைப் பக்கம் போனாலும் பரவாயில்லை. அதில் மை பூசிய இடம் இருந்தால், எந்த வரிக்குப் பிறகு எத்தனை வரி மறைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு அரசு எந்தச் சட்டப் பிரிவைக் காரணம் காட்டியது என்பதையும் அந்த இடத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வதேசச் சட்டம் கற்பிக்கும் ஒரு வாசகர்,
மதுரை